டிரெஸ்ஸிங் டேபிள்: எது மேலே, எது டிராயரில், எது அந்த அறையிலேயே வேண்டாம்

மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, மேற்குப் பார்த்த ஜன்னலோரம் கிடக்கும் லிப்ஸ்டிக்கைத் திறந்து பாருங்கள். நுனியில் வியர்த்த மாதிரி பொடிப் பொடியாக எண்ணெய்த் துளிகள் நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்து இறுகிய பொருள். சூடு ஏறும்போது மெழுகின் பிடி தளர்ந்து எண்ணெய் மேலே கசிகிறது, அவ்வளவுதான். டிஷ்யூவால் மெல்ல ஒற்றி எடுத்து, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்தால் பழையபடி ஆகிவிடும். ஆனால் தினமும் மதியம் வியர்ப்பதும் இரவில் ஆறுவதுமாக இருந்தால், நாளடைவில் அந்த எண்ணெய் காறிப்போய்ச் சிக்கு வாடை அடிக்கும். அப்போது தூக்கிப் போடத்தான் வேண்டும்.

மேக்கப் சாமான்களை அடுக்குவது என்றதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒரு பெட்டி வாங்குவது. பெட்டி கடைசி வேலை. நம் ஊர் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவை நான்கு: வெயில், ஈரம், தூசி, எண்ணெய். இந்த நான்கையும் சமாளித்துவிட்டால் மேசை தானாகவே ஒழுங்காக இருக்கும். சமாளிக்காவிட்டால் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பத்து நாளில் பழைய கோலம்தான்.

முதலில் மேசையை நகர்த்துங்கள்

மேசையின் மேல் நேர் வெயில் விழக்கூடாது. பல கிரீம்களின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கத்திரி வெயில் நாட்களில் அது நடக்காத காரியம். ஆனாலும் அதே அறைக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. பரணும் பீரோவின் மேல்தட்டும் கொதிக்கும். தரைக்குப் பக்கத்தில் உள்ள டிராயர் அந்த அளவுக்குச் சூடாகாது. ஆகவே அடுத்த வருடத்துக்கென்று வாங்கி வைத்திருக்கும் சீல் உடைக்காத சாமான்கள் பரணுக்குப் போகக்கூடாது. அவற்றின் இடம் அடி டிராயர்.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் மேசை போடுவது பரவாயில்லை. பாத்ரூம் உள்ளே அலமாரி வைத்து அதில் மேக்கப் வைப்பதுதான் தவறு. கீசர் ஓடும் அறையில் தினமும் நீராவி ஏறி இறங்கும். காம்பாக்ட் பவுடர் ஈரம் குடித்துக் கட்டிதட்டும், டப்பா மூடியின் உட்புறம் பூசணம் பிடிக்கும். ஃபேஸ்வாஷ், ஷாம்பு மாதிரித் தண்ணீரோடு போகிறவை மட்டும் அங்கே இருக்கட்டும்.

மூன்றாவதாகச் சீலிங் ஃபேன். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபேனுக்கு நேர் கீழே மேசை இருந்தால், டால்கம் பவுடரை ஒரு தட்டுத் தட்டியதும் அது கிரீம் டப்பா, பிரஷ், கண்ணாடி எல்லாவற்றின் மேலும் போய் உட்காரும். அதன் மேல் எண்ணெய்க் கை பட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. மேசையை நகர்த்த முடியாவிட்டால் பவுடர் டப்பாவை நகர்த்துங்கள். உடம்புக்குப் போடுகிற பவுடருக்கு டிரெஸ்ஸிங் டேபிளில் வேலையே இல்லை. துண்டு காயும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியில் முகம் இருட்டாகத்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு, அதாவது ஜன்னல் சுவருக்குச் செங்குத்தான சுவரில் கண்ணாடி வந்தால் நல்லது. உச்சியில் இருக்கும் ஒற்றை டியூப்லைட் கண்ணுக்குக் கீழும் மோவாய்க்குக் கீழும் நிழல் தட்டும். அந்த நிழலைக் கருவளையம் என்று நினைத்துக் கன்சீலரை அள்ளிப் பூசிக்கொண்டு வெளியே போகிறவர்கள் நிறைய. கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்துக்கு ஒவ்வொரு பல்பு, 9 வாட் எல்.இ.டி. போதும். நிறம் 4000 கெல்வின். கடையில் நேச்சுரல் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் ஃபவுண்டேஷன் ஷேடு சரியாகப் பொருந்தின மாதிரித் தெரியும், பஸ் ஸ்டாப்பில் நின்றால் முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறம். 6500 கெல்வின் நீல வெளுப்பில் முகம் வெளிறித் தெரிவதால் பிளஷ் கூடிவிடும். அட்டையில் சி.ஆர்.ஐ. 90 (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) என்று போட்ட பல்பு கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்கலாம், நிறங்கள் பிசகாமல் தெரியும்.

பெரிதாக்கிக் காட்டும் குழிக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது வெயிலைக் குவிக்கும். ஜன்னலோரம் திறந்தபடி விட்டுப் போன மேக்கப் கண்ணாடியால் திரைச்சீலை பற்றி வீடு எரிந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. லண்டன் தீயணைப்புப் படை இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள், அல்லது டிராயருக்குள் போடுங்கள்.

பாயில் கொட்டிப் பார்ப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, மேசையில், ஹேண்ட்பேகில், பீரோ லாக்கரில், ஃப்ரிட்ஜ் கதவில் என்று வீட்டில் எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். பாதியைக் கொட்டினால் பலன் இல்லை. ஒரே மெரூன் லிப்ஸ்டிக்கை மூன்று தடவை வாங்கியிருப்பது இப்போதுதான் தெரியும்.

கழிப்பதற்கு இரண்டு தேதிகள் பார்க்க வேண்டும். ஒன்று, டப்பாவில் அச்சிட்ட தேதி. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி எதற்கு முன் பயன்படுத்த வேண்டும் என்ற மாதமும் வருடமும் லேபிளில் இருக்க வேண்டும். இரண்டாவது, திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது. மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படம் போட்டு, அதற்குள் 6 எம், 12 எம், 24 எம் என்று எழுதியிருப்பார்கள். அது திறந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய மாதக் கணக்கு. அச்சிட்ட தேதி 2027 என்று இருந்தாலும், திறந்து ஒன்றரை வருடமான 6 எம் ஐலைனர் முடிந்த கதைதான்.

படம் இல்லாதவற்றுக்குத் தோராயமான கணக்கு இது. மஸ்காராவும் திரவ ஐலைனரும் 3 முதல் 6 மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம், கண்ணுக்குள் போகிற சாமான். திரவ ஃபவுண்டேஷன், கன்சீலர் ஒரு வருடம். லிப்ஸ்டிக் ஒன்றரை முதல் இரண்டு வருடம். காம்பாக்ட், ஐஷேடோ மாதிரிப் பவுடர்கள் இரண்டு வருடம். தண்ணீர் இல்லாததால் அவற்றில் கிருமி சீக்கிரம் வளராது. சன்ஸ்கிரீன் மட்டும் தேதி தாண்டியபின் மிச்சம் இருக்கிறதே என்று பூசுவது வீண். முகத்தில் இருக்கும், ஆனால் வெயிலைத் தடுக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால், கண் சிவந்த நாட்களில் தொட்ட காஜல், ஐலைனர், மஸ்காரா எல்லாம் குப்பைக்குப் போக வேண்டும், விலை எவ்வளவாக இருந்தாலும். கண் சாமான்களை அக்கா தங்கைகளுக்குள் மாற்றிக்கொள்ளும் பழக்கம் கல்யாண வீடுகளில் சகஜம். அதையும் நிறுத்துவது நல்லது.

தேதியே தெரியாதவற்றை மூக்கும் கண்ணும் சொல்லும். லிப்ஸ்டிக்கில் பழைய கிரேயான் வாடை, கிரீமில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பது, குலுக்கியும் சேராத ஃபவுண்டேஷன், நூல் மாதிரி இழுபடும் மஸ்காரா. வைட்டமின் சி சீரம் வாங்கும்போது நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் ஆக்ஸிஜன் பட்டு வீணாகிவிட்டது என்று அர்த்தம். காம்பாக்ட்டின் மேல் பளபளவென்று ஒரு தடிப்பு விழுந்து பவுடரே வராமல் இருப்பது மட்டும் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. பஃபில் ஒட்டிய முகத்து எண்ணெய் பவுடரில் இறங்கி இறுகியிருக்கும். செல்லோடேப்பை மேலே லேசாக ஒட்டி உரித்தால் அந்தத் தோல் வந்துவிடும். இனிமேல் பஃபை வாரம் ஒரு முறை துவையுங்கள்.

மிஞ்சியவை ஒவ்வொன்றின் அடியிலும் திறந்த மாதமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் பர்மனென்ட் மார்க்கரால் எழுதி, அதன் மேல் செல்லோடேப். டேப் இல்லாவிட்டால் மாய்ஸ்சரைசர் பட்ட விரலால் இரண்டே வாரத்தில் எழுத்து அழிந்துவிடும்.

மேசை மேல் பத்துக்கு மேல் வேண்டாம்

மூன்றடி அகலம், பதினைந்து அங்குல ஆழம், முப்பது அங்குல உயரம் என்று ஒரு சாதாரண டிரெஸ்ஸிங் டேபிளை வைத்துக்கொள்வோம். அதன் மேல்தட்டில் தினமும் தொடுகிற சாமான்கள் மட்டும். தினமும் என்றால் உண்மையிலேயே தினமும். ஆபீஸ் போகிற ஒருவருக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், காம்பாக்ட், காஜல், இரண்டு லிப்ஸ்டிக், பொட்டு, சீப்பு, டியோ. இவற்றை ஒரே தட்டில் வையுங்கள். தட்டு முக்கியம். துடைக்கும்போது ஒன்பது சாமானையும் ஒவ்வொன்றாக நகர்த்த யாருக்கும் பொறுமை இருக்காது, தட்டைத் தூக்கினால் ஒரே துடைப்பு. விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டு அல்லது பழைய டீ ட்ரே போதும். பார்ட்டிகிள் போர்டு மேசையாக இருந்தால் தட்டு இன்னும் அவசியம். சன்மைக்கா ஓரத்தில் ஈரம் இறங்கினால் பலகை ஊதி உப்பிவிடும், திரும்பச் சரியாகாது.

தட்டுக்குள் பூசும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். முதலில் மாய்ஸ்சரைசர், அடுத்து சன்ஸ்கிரீன், பிறகு பவுடர், கண், உதடு, கடைசியில் பொட்டு. வரிசை கைக்குப் பழகிவிட்டால் சன்ஸ்கிரீன் போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வராது. உயரமானவை கண்ணாடிப் பக்கம், குட்டையானவை முன்னால். வலது கைக்காரர்களுக்குச் சீப்பு வலது ஓரம்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலை இந்தத் தட்டிலிருந்து வெளியேற்றுங்கள். ஒரு மேசையைப் பாழாக்குவதில் எண்ணெய் பாட்டிலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஊற்றியதும் ஒரு சொட்டு வாயிலிருந்து வழிந்து பாட்டிலின் வயிற்றில் இறங்கி அடியில் ஒரு வளையமாக நிற்கும். அந்த வளையத்தில் தூசி, தலைமுடி, பவுடர் மூன்றும் ஒட்டும். அந்தப் பாட்டிலைத் தொட்ட கை அடுத்துத் தொடும் காம்பாக்ட் மூடி, கண்ணாடி, டிராயர் கைப்பிடி எல்லாவற்றிலும் எண்ணெய் ரேகை. எண்ணெய், சீப்பில் முடி எடுப்பது, தலை பின்னுவது மூன்றும் வேறு இடத்தில் நடக்கட்டும். ஜன்னல் திட்டிலோ பாத்ரூம் வாசலுக்குப் பக்கத்து ஷெல்ஃபிலோ ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் பாட்டிலை நிறுத்துங்கள். கிண்ணத்தை வாரம் ஒரு முறை சபீனா போட்டுத் தேய்த்தால் முடிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் எண்ணெய் உறைந்துபோகும் ஊர்க்காரர்கள் அகல வாய் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். குறுகிய வாய் பாட்டிலை இளக்குகிறேன் என்று வெயிலில் வைக்க வேண்டியிருக்காது.

சென்ட் பாட்டில் மேசை மேல் இருந்தால் பார்க்க அழகுதான். ஆனால் வெளிச்சமும் சூடும் வாசனையைக் கெடுக்கும், முதலில் போவது எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரியான மேல்வாசனை. வாங்கின அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்து டிராயரில் போடுவதுதான் சரி.

டிராயர்

டிராயருக்குள் தடுப்பு இல்லையென்றால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் எல்லாம் முன்னால் உருண்டு வரும், மூடும்போது பின்னால் போகும். தடுப்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். மொபைல் போன் வந்த டப்பாக்கள் வீட்டில் குறைந்தது நான்கு இருக்கும். மூடியும் அடியும் தனித்தனித் தட்டு, சுமார் ஏழு அங்குலம் நீளம், மூன்றரை அங்குலம் அகலம், அட்டை கெட்டி, மூலை பிரியாது. ஸ்வீட் டப்பாவில் நெய் இறங்கியிருக்கும், எறும்பு வரும், அது வேண்டாம். டிராயர் அடியில் நியூஸ் பேப்பர் விரித்தால் மை ஒட்டும். பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாளைப் படத்தின் பக்கம் மேலே வருமாறு விரியுங்கள், ஈரத்துணியால் துடைக்கலாம். டப்பாக்களை இறுக்கமாக அடுக்கி, மிஞ்சும் இடைவெளியில் ஒரு மடித்த அட்டையைச் செருகினால் எதுவும் நகராது.

அளவு எடுக்கும்போது டிராயரின் வெளி உயரத்தை எடுத்து ஏமாறாதீர்கள். முகப்புப் பலகை ஆறு அங்குலம் இருந்தாலும் உள்ளே நான்கோ மூன்றரையோதான் இருக்கும். அடியிலிருந்து மேல்தட்டின் கீழ்ப்பக்கம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், அதில் கால் அங்குலம் கழியுங்கள். லிப்ஸ்டிக் மூன்று அங்குலம், நிற்கும். பம்ப் வைத்த 30 மில்லி ஃபவுண்டேஷன் நான்கரை, ஐந்து அங்குலம் வரும், பெரும்பாலான டிராயர்களில் நிற்காது. அதற்கு அடி டிராயரோ மேசையின் கதவு வைத்த அறையோதான்.

எதை நிறுத்துவது, எதைப் படுக்கப்போடுவது என்பதில்தான் நிறையச் சாமான் வீணாகிறது. லிப்ஸ்டிக் நிற்கலாம், படுக்கலாம். தலைகீழாக மட்டும் வேண்டாம். ஷேடு பெயர் தெரியட்டும் என்று பலர் அடிப்பக்கம் மேலே வருமாறு கவிழ்த்து வைக்கிறார்கள். கோடையில் இளகிய லிப்ஸ்டிக் மூடியில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பாதி முறிந்து வரும். அதற்குப் பதில், மூடியின் மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அதில் அந்த லிப்ஸ்டிக்கையே ஒரு புள்ளி தேய்த்து, மேலே டேப் ஒட்டுங்கள். திறக்காமலே நிறம் தெரியும். திரவ லிப்ஸ்டிக், கிளாஸ், ஃபவுண்டேஷன், நெயில் பாலிஷ் நான்கும் நின்றே இருக்க வேண்டும். சாய்ந்தால் மரையில் கசிந்து காய்ந்து மூடி ஒட்டிக்கொள்ளும். பேனா மாதிரி ஃபெல்ட் முனை உள்ள ஐலைனர் நேர்மாறானது. அதைப் படுக்கப்போட வேண்டும் அல்லது முனை கீழே இருக்க நிறுத்த வேண்டும்; முனை மேலே பார்த்தால் மை கீழிறங்கி இரண்டு வாரத்தில் காய்ந்த பேனாவாகிவிடும். மூடும்போது டக் என்ற சத்தம் கேட்க வேண்டும். சீவும் காஜல் பென்சிலைப் படுக்கப்போடுங்கள். கோடையில் சீவும்போது முனை மசிந்து ஷார்ப்னரில் அப்பினால், சீவுவதற்கு முன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கூர்மையாக வரும்.

காம்பாக்ட், பேலட் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்கவே மாட்டோம். நோட்டுப் புத்தகம் மாதிரி நெட்டுக்குத்தாகச் செருகுங்கள், முதுகு மேலே தெரியட்டும். கெட்டிப் பவுடருக்கு நிற்பதால் ஒன்றும் ஆகாது, கீழே விழுந்தால்தான் உடையும். உடைந்துவிட்டாலும் பதற வேண்டாம். துண்டுகளை நன்றாகப் பொடித்து, 70 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈர மண் பதத்துக்குக் குழைத்து, டிஷ்யூ போர்த்தி ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்துங்கள். ஒரு நாள் மூடி திறந்தே காயட்டும். கிரீம் பிளஷ்ஷுக்கு இந்த வைத்தியம் செல்லாது.

நெயில் பாலிஷ் தனிப் பெட்டி. எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரிச் சீக்கிரம் தீப்பற்றும் கரைப்பான்கள் அதில் இருக்கின்றன, ஆகவே சாமி விளக்கு, ஊதுபத்தி உள்ள அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். பூசி முடித்ததும் பாட்டில் கழுத்தை ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்துவிட்டு மூடினால் மூடி ஒட்டாது. கெட்டியாகிவிட்டால் ரிமூவரை உள்ளே ஊற்றாதீர்கள். பூசியது சரியாக ஒட்டாமல் உரியும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறது, இரண்டு மூன்று சொட்டுப் போதும்.

அஞ்சறைப் பெட்டி

ஊக்கு, ஹேர்பின், யூ பின், ரப்பர் பேண்ட், திருகாணி, மூக்குத்தி மரை, ஜாக்கெட் ஹூக். இந்தப் பொடி சாமான்களுக்கு அஞ்சறைப் பெட்டியை விட நல்ல ஆர்கனைசரை இன்னும் யாரும் செய்யவில்லை. ஏழு கிண்ணம், ஒரே இறுக்கமான மூடி, தூசி போகாது, விரலால் அள்ளி எடுக்க வட்டக் கிண்ணம். புதிதாக ஒன்று வாங்குங்கள். சமையலறைப் பழசைக் கழுவிக் கொண்டுவந்தால் சீரக வாசனை ஹேர்பேண்டில் ஏறிவிடும். சேலைக்குக் குத்தும் ஊக்குக்கு ஒரு கிண்ணம் தனியாக இருக்கட்டும், மொக்கையானதும் துரு ஏறியதும் அதில் சேரக்கூடாது. பட்டில் ஒரு துரு ஊக்குப் போதும், கறை போகவே போகாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் இருப்பவர்கள் நடுக்கிண்ணத்தில் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் குடித்துவிட்டதா என்று பார்த்தாலே தெரியும். குழந்தை உள்ள வீட்டில் பெட்டி உயரத்தில் இருக்க வேண்டும்.

குங்குமம் இந்தப் பெட்டிக்குள் வேண்டாம், சின்னச் சிமிழில் தனியாக, தட்டுக்கு வெளியே. மூடியில்லாத குங்குமத்தின் பக்கத்தில் வெள்ளைக் கிரீம் டப்பாவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஈர விரலை உள்ளே விட்டால் கட்டி தட்டும்.

பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும்

கண்ணாடி டம்ளரில் பிரஷ்களைச் செருகி, நிற்பதற்காக அரிசி போடும் யோசனை எல்லா இடத்திலும் வருகிறது. நம் ஊரில் அதில் வண்டு வரும். கண்ணாடி மணியோ கழுவிக் காயவைத்த பொடிக் கூழாங்கல்லோ போடுங்கள். மெயின்ரோட்டுப் பக்கம் ஜன்னல் உள்ள வீடானால் திறந்த டம்ளரே வேண்டாம். மூடி வைத்த உயரமான டப்பா போதும், ஆனால் நன்றாகக் காய்ந்த பிரஷ் மட்டும்தான் மூடிக்குள் போகலாம்.

ஃபவுண்டேஷன் பிரஷ்களை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, முடி கீழே பார்த்தபடி அலசுங்கள். முடியும் கட்டையும் சேரும் உலோகக் கழுத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது; போனால் உள்ளே உள்ள பசை இளகி முடி உதிரும். ஈரத்தோடு டம்ளரில் நிமிர்த்தி வைப்பதும் அதே தவறுதான். மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு படுக்கப்போட்டுக் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாளில் காயாது, இரண்டு நாள் விடுங்கள்.

ஸ்பாஞ்ச் இன்னும் மோசம். ஈர ஸ்பாஞ்சை அது வந்த பிளாஸ்டிக் முட்டை டப்பாவிலேயே மூடி வைத்தால் உள்ளே கரும்புள்ளி விழும். அது அழுக்கில்லை, பூசணம். கழுவினால் போகாது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுப் பிழிந்து காற்றில் வையுங்கள், மூன்று மாதத்தில் மாற்றுங்கள்.

பெட்டி வாங்குவதென்றால்

இதெல்லாம் முடித்த பிறகு இடம் போதவில்லையென்றால் அக்ரிலிக் பெட்டி வாங்கலாம். சுற்றும் ஸ்டாண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினைந்து அங்குல ஆழ மேசையில் ஒன்பது பத்து அங்குலத்தை அது விழுங்கிவிடும், எல்லாச் சாமானையும் வெளிச்சத்திலும் தூசியிலும் நிறுத்தும். மூடியோ டிராயரோ உள்ள அக்ரிலிக் பரவாயில்லை. அதில் நெயில் பாலிஷ் ரிமூவர் வைக்காதீர்கள், அசிட்டோன் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடம் வெள்ளையாக மங்கி உருகும். சென்ட் தெளித்தால் நாளடைவில் முடி மாதிரிக் கீறல் விழும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் ஆகாது. சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, அவ்வளவுதான். முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் இருந்தால் வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து அதன் மேல் ஆற வையுங்கள். 200 டிகிரிக்கு மேலும் போகக்கூடிய சாமான் அது, அரை மணி நேரத்துக்கு முன் டிராயருக்குள் போகக்கூடாது.

ஃப்ரிட்ஜ் என்றால் வைட்டமின் சி சீரமும் ஷீட் மாஸ்க்கும் போதும், மூடிய டப்பாவுக்குள். பவுடர் சாமானை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் நீர் கோத்துக்கொள்ளும்.

தலைச்சாயம், ரிமூவர், பெராக்சைடு ஆகியவை பூட்டுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். தலைச்சாயத்தில் இருக்கும் பாரா ஃபினைலீன் டையமின் வயிற்றுக்குள் போனால் உயிரையே எடுக்கும் விஷம். பெராக்சைடு கலந்த சாயத்தில் மிச்சம் இருந்தால் மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம். கொட்டிவிடுங்கள்.

தனி மேசை இல்லாமல் பீரோ கதவுக் கண்ணாடிதான் என்றால், தட்டுக்குப் பதில் கைப்பிடி வைத்த சின்னக் கூடை. காலையில் ஜன்னலோரம் எடுத்துப்போய் உட்கார்ந்து போட்டுக்கொண்டு, திரும்பப் பீரோவின் நடுத்தட்டில் வைக்கலாம். ரசகற்பூரம், அந்துருண்டை போட்ட தட்டில் வைக்க வேண்டாம். அந்த வாடை லிப்ஸ்டிக்கில் ஏறினால் போகாது.

கடைசியாக, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு. ராத்திரி நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி, காலையில் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வது பல வீட்டில் பழக்கம். பசையில் பவுடரும் தூசியும் ஏறியிருக்கும், அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் தோல் அரிக்கும். சில பொட்டுப் பசைகளில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழக் காரணமாகும் என்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அரிப்போ வெளுப்போ கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பொட்டு அட்டைகளை விசிட்டிங் கார்டு ஆல்பத்தில் நிற வாரியாகச் செருகி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, தினமும் புதிது எடுப்பதும் சுலபம். கண்ணாடியில் ஏற்கெனவே காய்ந்து நிற்கும் பசைக்கு, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சைப் பத்து நிமிடம் ஒற்றி வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டுங்கள். பிறகு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தால் எண்ணெய் ரேகையும் போய்விடும்.